உங்களுக்கென்ன: வட்டக்கச்சி நாட்குறிப்பு

2024 யூலை 11, வியாழன்

அண்ணா குடும்பம் விடியற்காலை வந்து இறங்கிவிட்டது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வான் பிடித்து, வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் பையோடு வந்தார்கள். அக்கா சனிக்கிழமை சுவிஸிலிருந்து வருகிறார். நாங்கள் மூன்று பேரும் இந்த முற்றத்தில் ஒன்றாக நின்று பதினொரு வருடம்.

அம்மா அண்ணாவின் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. "நல்லா மெலிஞ்சு போனாய்" என்றார். உண்மையில் அண்ணா பருத்துத்தான் இருக்கிறார். இரவு வேலை, நேரம் கெட்ட சாப்பாடு.

பத்து மணிக்கு முன்வீட்டு மாமி வந்தார். "உங்களுக்கென்ன தம்பி, கனடா" என்றார். அண்ணா சிரித்தார். பின்னேரம் மாமரத்தடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு அதே அண்ணா என் கணவரிடம், "உங்களுக்கென்ன மச்சான், சொந்த வயல், சொந்த அரிசி, கடனில்லாத வீடு" என்றார். இவர் ஒன்றும் சொல்லாமல் குதிக்காலில் காய்ந்திருந்த சேற்றை உரித்துக்கொண்டிருந்தார். சிறுபோக நெல் விதைப்புக்கு என் சங்கிலி அடகில் இருக்கிறது. அது அண்ணாவுக்குத் தெரியாது. நாங்கள் சொன்னதில்லை.

இந்தச் சொல் இந்த வீட்டில் எத்தனை தரம் வருகிறது என்று இம்முறை குறித்து வைக்கப்போகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவளுக்கு அது பெரிய வேலையில்லை.

யூலை 14, ஞாயிறு

லண்டனிலிருந்து வந்திருக்கும் சித்தப்பாவின் மகனும் இரவு வந்து சேர்ந்தான். சாப்பாடு முடிந்ததும் தொடங்கியது. எந்த நாடு நல்ல நாடு?

அண்ணா: "கனடாவில டொக்டருக்கு ஒரு சதம் குடுக்கத் தேவையில்லை." உடனே அண்ணி: "பல்லுக்கு?" அண்ணா வாயை மூடிக்கொண்டார். டொக்டரைப் பார்ப்பது இலவசம்தான். ஆனால் பல்லுக்கும் மருந்துக்கும் வேலையிடத்துக் காப்புறுதி இல்லாவிட்டால் கைக்காசுதான். அரசாங்கத்தின் பல் மருத்துவத் திட்டம் இந்த வருடம்தான் தொடங்கியிருக்கிறது, அதுவும் வருமான எல்லையோடு. லண்டன் தம்பி, மருந்துச் சீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண் கட்டுவதாகச் சொன்னான். அக்கா சொன்னதுதான் எனக்குப் புதிது. சுவிஸில் பிறந்த குழந்தை முதல் எல்லாரும் மாதாமாதம் காப்புறுதி கட்டவேண்டும். அது போதாதென்று பெரியவர்களுக்கு வருடத்தில் முதல் 300 பிராங்கிலிருந்து 2500 பிராங் வரை அவரவர் எடுத்த ஒப்பந்தப்படி கையிலிருந்து போகும். அக்கா 2500 ஐ எடுத்திருக்கிறார், மாதக்கட்டணம் குறையும் என்று. அதனால் வருத்தம் வந்தாலும் டொக்டரிடம் போகப் பயம்.

இருபத்தைந்து வருடமாக அக்காவுக்கு "சுவிஸில எல்லாம் அரசாங்கம் பாக்கும்" என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

பிறகு குடியுரிமைக்குப் போனார்கள். அங்கே பிறந்தால் அந்த நாட்டுப் பிள்ளை என்றுதான் நாங்கள் நினைத்திருக்கிறோம். கனடாவில் அப்படித்தான். சுவிஸில் அப்படியில்லை. அக்காவின் இரண்டு பிள்ளைகளும் பேர்ணில் பிறந்தவர்கள், ஆனால் பிறந்தபோது இலங்கைப் பிள்ளைகள். வழமையான முறையில் பத்து வருடம் இருந்து, விண்ணப்பித்து, உள்ளூர்ச் சபையின் கேள்விகளுக்கும் பதில் சொல்லித்தான் எடுக்கவேண்டும். "என்ரை பிள்ளைக்கு அவள் பிறந்த ஊரின்ரை ஆறு எது எண்டு கேட்டாங்கள்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். அண்ணாவும் தம்பியும் அதற்குப் பிறகு நாடுகளைப் பற்றிக் கதைக்கவில்லை.

யூலை 15, திங்கள்

"வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது" என்று முன்வீட்டு மாமி இன்றைக்கும் சொன்னார். பின்வளவில் போய்ப் பார்த்தேன். அண்ணாவின் பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம். அக்காவின் பிள்ளைகள் ஜேர்மன். என் மகனுக்கு இரண்டும் சரியாக வராது. ஐந்து பேரும் புளியமரத்தில் ஏறுவதற்கு யார் முதல் என்று சண்டை பிடித்தார்கள், முழுக்கத் தமிழில்தான். அண்ணாவின் மகன் "நீ இறங்கடா" என்பதை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொல்கிறான். சுவிஸ் பிள்ளைகள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள், வசனம் புத்தகத்தில் இருப்பது போல வருகிறது.

யூலை 17, புதன்

விடிய மூன்று மணியளவில் அண்ணாவின் போன் அடித்தது. தொரொன்ரோவில் பெருமழையாம், மூன்று மணித்தியாலத்தில் நூறு மில்லிமீற்றர் அளவில். பெருந்தெருவில் கார்கள் மிதக்கும் படத்தைக் காட்டினார். அவருடைய வீட்டின் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அங்கே வாடகைக்கு இருக்கும் பெடியன்தான் எடுத்தவன்.

அம்மா நம்பவில்லை. "அங்கை பனிதானே கொட்டும், வெள்ளமும் வருமோ?" என்றார். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்துவிட, கிளிநொச்சி வெள்ளத்தில் மிதந்த இரவில் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றியவர் அம்மா. அதனால் அடுத்த கேள்வி சரியாக வந்தது: "சாமான் மேலை ஏத்தியாச்சோ?" அண்ணா போனில் அந்தப் பெடியனிடம் அதையே கேட்டார்.

அண்ணா தன் வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

யூலை 19, வெள்ளி

பக்கத்துக் காணியை வாங்கவேண்டும் என்று அண்ணாவுக்கு நீண்ட நாள் ஆசை. காணிக்காரர் பிரான்சில். 2010 இல் நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது பற்றையாக இருந்தது, இன்னும் பற்றைதான். பாம்பும் குரங்கும் அங்கிருந்துதான் எங்கள் வளவுக்கு வருகின்றன. அண்ணா வாங்கித் துப்புரவாக்கினால் எனக்கும் நிம்மதி. கிளிநொச்சிக்குச் சட்டத்தரணியிடம் போனோம்.

சட்டத்தரணி முதலில் கேட்டது, "கனடா பாஸ்போட்டோ?" ஓம் என்றார் அண்ணா. "அப்ப நீங்கள் இலங்கையர் இல்லை."

அண்ணா பர்ஸிலிருந்து பழைய அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். கறுப்பு வெள்ளைப் படம், இருபத்திரண்டு வயது, நிறைய முடி, ஓரத்தில் உரிந்த பிளாஸ்ரிக். இருபத்தேழு வருடம் அதைக் காவித் திரிந்திருக்கிறார். "இதை ஒருத்தரும் என்னட்டை இருந்து பறிக்கேல்லையே" என்றார்.

சட்டத்தரணி பொறுமையான மனுஷி. அட்டையைத் தள்ளிவிடவில்லை, கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால், இலங்கைக் குடியுரிமையை வைத்திருக்க முறைப்படி விண்ணப்பித்திருக்காவிட்டால் அது அன்றோடு போய்விடும். யாரும் கடிதம் போட்டு அறிவிப்பதில்லை. 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் அந்தத் தடை இல்லை. 2011 இல் இரட்டைக் குடியுரிமை கொடுப்பதை நிறுத்தி, 2015 இல் திரும்பத் தொடங்கினார்கள். தாய் தகப்பன் வழி முதுசமாக உறுதிக் காணி வந்தால் அது வேறு கணக்கு.

பிறகு இன்னொன்றையும் சொன்னார். அந்தக் காணி உறுதிக் காணியே இல்லை, அரசாங்க அனுமதிப் பத்திரத்தில் இருக்கும் போமிற் காணி. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. வைத்திருப்பவர் தன் பாட்டுக்கு விற்கவும் முடியாது, துண்டாடவும் முடியாது. பிரதேச செயலகத்தைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. வன்னியில் குளத்துக் குடியேற்றத் திட்டக் காணிகள் பெரும்பாலும் இப்படித்தான். எங்கள் அப்பாவின் காணியும்.

வரும் வழியில் அண்ணா கதைக்கவில்லை. பரந்தன் சந்தியில் இருந்த ஒரு வேலையை முடித்துக்கொண்டு திரும்பும்போதுதான் கேட்டார், "அப்ப எங்கடை காணிக்கு யார்ரை பேர் போட்டிருக்கு?"

"என்ரை பேர், அண்ணா. அப்பா இருக்கேக்கையே தனக்குப் பிறகு எனக்கெண்டு பின்னுரித்து எழுதினவர்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

எனக்குப் பதில் வரவில்லை. அண்ணா கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் காணிப் பேச்சை எடுத்தால் சண்டைக்கு அடிபோடுகிறாள் என்பார்கள், அந்தப் பயம்தான். ஆனால் அது ஏழு வருடம் மறைப்பதற்குக் காரணமாகாது. இன்றைக்கு இரவு அக்காவிடமும் சொல்லிவிட்டேன். தனக்கு மூன்றில் ஒன்று இருக்கிறது என்று நினைத்திருந்தாராம்.

யூலை 21, ஞாயிறு

சண்டை வந்தேவிட்டது. காணியால் அல்ல, அம்மாவின் மருந்துக் காசால்.

அண்ணா மாதம் 200 டொலர் அனுப்பியவர். போன வருடம் ஆவணியில் 100 ஆக்கினார். கேட்காமல் குறைத்தது எனக்குச் சுட்டது. இன்றைக்கு அக்கா அதைத் தொட, அண்ணா, "இப்ப டொலருக்கு ரூபா கூடத்தானே, முந்தினதைவிடப் பெரிசா குறையேல்லை" என்றார்.

கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தேன். 2022 தொடக்கத்தில் கனடா டொலர் ஒன்று 158 ரூபா அளவில். 200 டொலருக்கு 31,600. இப்போது 220 அளவில், 100 டொலருக்கு 22,000. சரி, கணக்கில் 9,600 ரூபாதான் குறைவு. ஆனால் அதே 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. எங்கள் தண்ணி மெசின் ஓடுவது அதில்தான். அந்தப் புரட்டாதியில் உணவுப் பணவீக்கம் 95 வீதத்தைத் தொட்டது. விலைகள் பிறகு ஏறாமல் நின்றதே தவிர பழைய இடத்துக்கு இறங்கவில்லை. இந்தத் தையில் பெறுமதி சேர் வரியும் 15 இலிருந்து 18 வீதமானது. அம்மாவின் பிரஷர் குளிசை ஆஸ்பத்திரியில் இல்லாத மாதம் வெளியில் வாங்குகிறேன். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

அண்ணா கொப்பியைப் பார்த்தபடி இருந்தார். "உங்களுக்கென்ன, வெளிநாட்டுக் காசிலை இருக்கிற சனம் எண்டுதான் அங்கை எல்லாரும் சொல்லுறாங்கள்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வீட்டில் விடிய நாலு மணிக்கு எழும்பாதவர் அம்மா ஒருவர்தான், அவருக்கு எழுபத்தெட்டு வயது. எங்கள் சங்கத்துக்கு வரும் பெண்களில் நுண்கடனுக்குக் கிழமைக்காசு கட்டாதவர்களை எண்ணுவது சுகம். உரக்கத்தான் சொன்னேன். பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றன.

யூலை 24, புதன்

பொழுதுபட்டு ஏழேகால். அண்ணா கிணற்றுக்கட்டில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கொண்டுபோனேன், கண்ணெடுக்கவில்லை. சரியாக அந்த நேரம்தான் அங்கே காலை ஒன்பதே முக்கால், கனடா மத்திய வங்கி வட்டி வீதத்தை அறிவிக்கும் நேரம்.

"4.5 ஆக்கிட்டாங்கள்" என்றார். கால் வீதம் குறைந்திருக்கிறது. மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

பிறகு பக்கத்தில் இருத்தி, வங்கிக் கணக்கைத் திறந்து காட்டினார். 2022 மாசியில் வீதம் 0.25. 2023 யூலையில் 5. வீட்டுக் கடன் மாறும் வட்டியில் எடுத்தது. மாதம் 2,300 கட்டியவர் 3,700 கட்டுகிறார். ஒரு கோட்டில் வட்டி, அடுத்த கோட்டில் முதல். அந்தக் கடன் முதலில் கழிந்தது அந்த மாதம் முழுவதற்கும் நூற்றுப் பதினெட்டு டொலர். இரண்டாவது வேலைக்குப் போனதும், கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டதும், எங்களுக்கு 100 ஆகக் குறைத்ததும் ஒரே மாதத்தில். இந்தப் பயணத்துக்கும் கடன் அட்டைதான்.

"ஏன் அண்ணா சொல்லேல்லை?"

"அம்மா யோசிப்பா."

நானும் சங்கிலியைப் பற்றிச் சொன்னேன். அவர் என் கழுத்தைப் பார்த்தார். வந்து பதின்மூன்று நாள், இப்போதுதான் பார்க்கிறார்.

யூலை 28, ஞாயிறு

நேற்று இரவு எங்கள் தண்ணி முறை. இரணைமடுவில் இருக்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். பிறகு வாய்க்கால் வாய்க்காலாக முறை. கடைசி வயல்காரனுக்கு வருவது நடுச்சாமத்தில். அண்ணாவும் மண்வெட்டியோடு இவருடன் போனார். யாரோ மேலே மடையைத் திருப்பிவிட, ஒரு மணித்தியாலம் தண்ணீர் வரவேயில்லை. வரம்போடு நடந்துபோய்த் திரும்பக் கட்டிவிட்டு வந்தார்களாம். காலையில் அண்ணாவின் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

ஓகஸ்ட் 10, சனி

போய்விட்டார்கள். அக்கா புதன்கிழமை, அண்ணா இன்றைக்கு. தராசில் தூக்கித் தூக்கிப் பெட்டி கட்டினோம். மிளகாய்த் தூள் ஐந்து கிலோ, அம்மா தன் கையால் வறுத்து மில்லில் நின்று அரைப்பித்தது. எல்லாம் அங்கே கடையில் கிடைக்கும் என்று அண்ணி முதலே சொல்லியிருந்தார். ஆனாலும் தன் இரண்டு சட்டைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் தூளை அடுக்கினார்.

காணி விடயம் முடியவில்லை. அண்ணா இரட்டைக் குடியுரிமைக்குப் பத்திரங்களைச் சேர்க்கப்போகிறார். அப்பாவின் காணியில் தனக்கு எழுத்தில் ஒன்றும் வேண்டாம், வந்தால் படுக்க ஒரு அறை போதும் என்று அக்கா சொன்னார். அதை மனமாரச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அடுத்த முறை நேரே கேட்பேன்.

ஓகஸ்ட் 19, திங்கள்

விடிய ஐந்தரைக்கு அண்ணா எடுத்தார். அங்கே இரவு எட்டு மணி, இரண்டாவது வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்.

"வெட்டு மெசின் வந்திட்டுதோ?"

"இல்லை அண்ணா, நாளைக்கு எண்டாங்கள்."

"மழை இருட்டுதோ?"

"இல்லை."

"கடைசிப் பாத்தி, நாங்கள் தண்ணி திருப்பினது, அது விளைஞ்சிட்டுதோ?"

போனை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்க் காட்டினேன். கதிர் சாய்ந்து நிற்கிறது, ஓரத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் பச்சை. அண்ணா காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நேரமாகிவிட்டது என்று அண்ணி கூப்பிடுவது கேட்டது.