முன்னுக்கு இல்லை, பின்னுக்கு ஊத்து

போன கிழமை மருதனார்மடம் சந்தையில் பீற்றூட் மூடை ஏறிக்கொண்டிருக்கும்போது பக்கத்து லொறிக்காரப் பெடியன் வந்து கேட்டான். “அண்ணை, என்ஜினுக்குச் சிந்தெற்றிக் ஒயில் ஊத்தப்போறன். ஒருக்கா ஊத்தினால் பதினையாயிரம் கிலோமீற்றர் ஓடலாமாம், கடைக்காரர் சொல்லுறார். ஊத்தட்டோ?” “ஊத்து, ஆனா முன்னுக்கு இல்லை, பின்னுக்கு ஊத்து” என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டான். மூடை எண்ணிக்கொண்டு நின்றதால் எனக்கும் விளக்கம் சொல்ல நேரமில்லை. அன்றைக்கு விட்டதை இங்கே எழுதுகிறேன். முன்னுக்கு என்றால் என்ஜின், பின்னுக்கு என்றால் டிஃபரன்சல், அதாவது பின் சில்லுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற பல்லுப் பெட்டி.

என்னுடையது பதினாலரை அடி கன்டர் லொறி, ரேபோ (புகையின் விசையில் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான்) இல்லாத பழைய என்ஜின், ஜப்பானில் ஒருவர் ஓடித் தேய்த்த பிறகு இங்கே வந்தது. கிழமைக்கு இரண்டு தரம் தம்புள்ளை, போய்வர ஐந்நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட. இடைக்கிடை கொழும்பு, அது ஒரு பக்கமே நானூறு. 2022இல் டொலர் இருநூறு ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360ஐத் தாண்டியபோது ஒயில் விலை ஏறின ஏற்றத்தில்தான் நான் கொப்பி போட்டுக் கணக்கு எழுதத் தொடங்கினேன். அதற்கு முன்னர் மெக்கானிக் எதை ஊற்றினாலும் தலையாட்டிக்கொண்டு காசைக் கொடுத்தவன்தான் நானும்.

சிந்தெற்றிக் என்ற சொல்லே கொஞ்சம் வழுக்கலான சொல். ஒயிலுக்கு அடித்தளமாக இருக்கிற எண்ணெயை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டும் நிலத்துக்குக் கீழிருந்து எடுக்கிற மசகெண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது, அதைத்தான் மினரல் என்கிறோம். மூன்றாவதும் அதே மசகெண்ணெயில் பிறந்ததுதான், ஆனால் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஐதரசன் சேர்த்து மூலக்கூறுகளை உடைத்துத் திருத்தியது. நாலாவதுதான் மூலக்கூறுகளை ஒரே சீராகக் கட்டியெழுப்பிய, பிஏஓ என்கிற செயற்கை எண்ணெய். எஸ்டர் முதலான மிச்சமெல்லாம் ஐந்தாவது. மூன்றாம் வகுப்பைச் சிந்தெற்றிக் என்று சொல்லி விற்கலாமா என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பனிகள் மல்லுக்கு நின்று, 1999இல் அங்கத்தைய விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு சொல்லலாம் என்று தீர்த்துவைத்தது. அதனால் இன்றைக்குக் கடையில் சிந்தெற்றிக் என்று எழுதிய போத்தல்களில் கனக்க இந்த மூன்றாம் வகுப்புத்தான். அது கெட்ட ஒயில் இல்லை, நல்ல ஒயில்தான், நாலாம் வகுப்பு விலை கொடுக்கத் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன். செமி சிந்தெற்றிக் என்பது இன்னொரு கூத்து. எத்தனை பங்கு எது என்று போத்தலில் பார்த்தால் தெரியாது. தேத்தண்ணிக் கடைப் பால்தேத்தண்ணி மாதிரி, பால் எவ்வளவு என்று ஊற்றினவருக்குத்தான் வெளிச்சம்.

சரி, என்ஜினுக்கு வருவோம். சிந்தெற்றிக்கின் பெரிய பெருமை குளிரில் உறையாமல் ஓடுவது. ஒயிலின் தடிப்பைச் சொல்கிற 5டபிள்யூ-40 என்பதில் வருகிற டபிள்யூ குளிர்காலத்துக்கான எழுத்து. என்ஜின் நன்றாகச் சூடேறி 100 பாகைக்கு வந்தபிறகு 5டபிள்யூ-40உம் 15டபிள்யூ-40உம் ஒரே தடிப்பு வரம்புக்குள் வந்துவிடும், வித்தியாசம் எல்லாம் காலையில் ஸ்ரார்ட் எடுக்கிற அந்த நேரத்தில்தான். யாழ்ப்பாணத்தில் தைப் பனியிலும் 20 பாகைக்குக் கீழே போவது அருமை. கனடாவில் இருக்கிற மச்சானின் வாகனத்துக்கு அது உயிர், எனக்கு அது விடியப்புறம் ஒரு நிமிடச் சுகம்.

அடுத்த பெருமை நீண்ட தூரம் ஓடலாம் என்பது, பெடியனை மயக்கினதும் அதுதான். ஒயில் கெட்டுப்போவது அடித்தள எண்ணெய் களைத்து மட்டுமில்லை. டீசல் எரிகிற கரி அதற்குள் இறங்குகிறது. டீசலில் உள்ள கந்தகம் எரிந்து அமிலமாகி இறங்குகிறது. அந்த அமிலத்தை முறிக்கத்தான் ஒயிலில் காரம் கலந்திருக்கிறார்கள், தரவுத் தாளில் டீபிஎன் என்று ஒரு எண் போட்டிருப்பது அதைத்தான். காரம் தீர்ந்துபோனால் அடித்தளம் தங்கமாக இருந்தும் பிரயோசனமில்லை. பதினையாயிரம், இருபதாயிரம் என்று சொல்கிற கணக்கெல்லாம் கந்தகம் அருகிய டீசல் அடிக்கிற நாட்டுக் கணக்கு. நாங்கள் அடிப்பது சாதாரண ஓட்டோ டீசல், அதில் சூப்பர் டீசலைவிடக் கந்தகம் கூட.

நானும் ஒருக்கா ஆசைப்பட்டு ஊற்றிப் பார்த்தவன்தான். பத்தாயிரம் ஓடுவது என்று முடிவு. ஒன்பதாயிரத்தில் மனது கேட்கவில்லை, மகள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருந்து கொண்டுவந்த வடிதாள் ஒன்றில், சூடாக இருக்கும்போதே ஒயில் மட்டம் பார்க்கிற கம்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்கச் சாமி அறைத் தட்டில் வைத்தேன் (மனுசி பேசினது தனிக் கதை). கரியைச் சுமக்கத் தெம்பு உள்ள ஒயில் என்றால் கறுப்பு வெளிப்பக்கமாகச் சீராகப் பரவி, ஓரத்தில் சாம்பலாக வெளிறும். என்னுடையது நடுவில் தார்ப் பொட்டு மாதிரி குந்திக்கொண்டு இருந்தது, சுற்றிவர மஞ்சள் வளையம், இடையில் ஒன்றுமில்லை. கரியைப் பிடித்து வைத்திருக்கும் சக்தி முடிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு நல்ல மினரல் 15டபிள்யூ-40 ஊற்றி ஆறாயிரத்தில் அதே மாதிரிச் சொட்டு விட்டேன், அது அழகாகப் பரவியது. ஒயில் கறுத்துப்போனதைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம், டீசல் என்ஜினில் ஊற்றி நூறு கிலோமீற்றரிலேயே கறுக்கும், கரியைப் பிடிக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. இன்ஜெக்டர் ஒழுகினால் டீசல் சிலிண்டர் ஓரத்தால் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். இதை எனக்குப் படிப்பித்தது எந்தப் புத்தகமும் இல்லை, தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஐயா வைத்திருந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். பெற்றோல் சில சொட்டு விட்டு ஸ்ரார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டம். எரியாத மண்ணெண்ணெய் கீழே சேர்ந்து ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டு போகும். ஐயா கம்பியை இழுத்து, விரலில் தேய்த்து, மணந்து பார்த்துவிட்டு “ம்” என்பார். அந்த “ம்” எந்த வகை என்பதைப் பொறுத்து அன்றைக்குக் கார் ஓடும் அல்லது ஓடாது. நான் இன்றைக்கும் கம்பியை மணந்துதான் பார்க்கிறேன். மட்டம் கூடினால் சிந்தெற்றிக் என்ன, தேனை ஊற்றினாலும் பயனில்லை.

ரேபோ உள்ள புது லொறி என்றால் கதை வேறு. ரேபோவின் தண்டு கொதிக்கிற சூட்டில் மினரல் கரியாக ஒட்டும், அங்கே சிந்தெற்றிக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. ஆனால் அதற்கும் தூரத்தை இழுக்காதீர்கள். போத்தலின் பின்பக்கத்தில் சீஐ-4, சீகே-4 என்று இருக்கிற தரக் குறியையும் பாருங்கள், புகைபோக்கியில் கரி வடி உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த சீகே-4 மாதிரித்தான் வேண்டும், அது 2016இன் கடைசியில் வந்த தரம்.

இனிப் பின்னுக்கு வருவோம். டிஃபரன்சலுக்குள் புகை இல்லை, கரி இல்லை, டீசலும் இல்லை. அதற்குள் ஒன்றையொன்று சுழற்றுகிற பினியன் பல்லும் கிரவுண் பல்லும் உருளுவதோடு நிற்காமல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியும் போகும், முழுப் பாரமும் அந்தக் கொஞ்ச இடத்தில்தான் இறங்கும். அங்கே ஒயிலைக் கொல்வது சூடு, அரைபடுதல், தண்ணீர், இவ்வளவும்தான். சூட்டையும் அரைபடுதலையும் தாங்கத்தான் சிந்தெற்றிக்கைச் செய்தார்கள். என்ஜினுக்குள் அதன் திறமையைக் கந்தகமும் கரியும் தின்றுவிடும், இங்கே தின்ன ஆளில்லை.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லாரும் நிற்பாட்டித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குகிறார்கள், நான் கூடுதலாக ஒரு வேலை செய்வேன். லொறிக்குக் கீழே குனிந்து டிஃபரன்சல் பெட்டியின் வயிற்றில் சூடு பார்க்கிற துவக்கைப் பிடிப்பேன். (கொரோனாக் காலத்தில் நெற்றியில் பிடித்த சாதி இல்லை, கராச்சில் பாவிக்கிற சாதி.) 85டபிள்யூ-140 மினரல் இருந்த காலத்தில், தம்புள்ளைக்குப் பாரத்தோடு போகும்போது தொண்ணூறை ஒட்டி நிற்கும். 75டபிள்யூ-90 சிந்தெற்றிக்குக்கு மாறிய பிறகு எண்பதைத் தாண்டுவது குறைவு. ஒரே வெயில், ஒரே பாரம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் இருபது முப்பது தரம் பார்த்த கணக்கு. மாற்றுவதற்கு முன்னால் உங்கள் வண்டிப் புத்தகத்தில் 90 தடிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிக்கு 140தான் சொல்லியிருப்பார்கள், அப்படியென்றால் அதுதான்.

கணக்கும் சொல்கிறேன். எனக்கு வருடம் ஐம்பதாயிரம் கிலோமீற்றர் ஓட்டம். என்ஜினுக்குப் பத்து லீற்றர், ஆறாயிரத்துக்கு ஒருக்கா என்றால் எண்பது லீற்றர் ஒயில். அதை இரண்டு மடங்கு விலைக்கு வாங்கினால் பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காய்க்கும் காசிராது. கியர் பொக்ஸும் டிஃபரன்சலும் சேர்த்து ஏழரை லீற்றர். மினரல் என்றால் வருடம் இரண்டு தரம் மாற்றுவேன், சிந்தெற்றிக் ஒரு தரம். செலவு கிட்டத்தட்டச் சமன், பெயரிங்குகளுக்குக் கிடைக்கிற குளிர்ச்சி மிச்சம். டீசல் மிச்சம் என்று கடைக்காரர் சொல்வதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு வீதம் இரண்டு வீதம் குறைந்தாலும் ஆனையிறவில் முகத்துக்கு அடிக்கிற காற்று அதை விழுங்கிவிடும்.

கியர் பொக்ஸில் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஒரு கராச்சில் டிஃபரன்சலுக்கு வைத்திருந்த ஜீஎல்-5 தர ஒயில் மிச்சத்தை, “ஒரே கியர் ஒயில்தானே” என்று கியர் பொக்ஸுக்குள்ளும் ஊற்றிவிட்டார்கள். அடுத்த தை மாதம் விடியப்புறம் இரண்டாவது கியர் விழாது, கொடிகாமம் தாண்டும் மட்டும் முதலிலிருந்து மூன்றுக்குப் பாய்ச்சல். ஜீஎல்-5இல் கிரவுண் பல்லைக் காப்பாற்றப் போடுகிற கந்தக, பொசுபரசுச் சேர்மானம் சிலவேளை கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்துகிற பித்தளை வளையத்தை அரிக்கும், வளையம் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் வைக்கும். கியர் பொக்ஸுக்கு ஜீஎல்-4 சொல்லியிருந்தால் ஜீஎல்-4தான். சில ஜப்பான் லொறிகளுக்கு என்ஜின் ஒயிலையே சொல்லியிருப்பார்கள், ஆச்சரியப்பட வேண்டாம். பிரேக் ஒயில் போத்தலிலும் சிந்தெற்றிக் என்று பெரிதாக எழுதியிருக்கும், அது புதினம் இல்லை, டொட் 3உம் டொட் 4உம் எப்போதும் அப்படித்தான்.

மாரி வெள்ளத்தில் சில்லு மூடத் தண்ணீருக்குள்ளால் போனால், சூடான டிஃபரன்சல் திடீரென்று குளிர்ந்து மூச்சுக்குழாயாலும், ஒயில் ஒழுகாமல் அடைக்கிற சீலாலும் தண்ணீரை உறிஞ்சும். திறந்து பார்த்தால் ஒயில் மைலோ நிறத்தில் இருக்கும். அப்போது போன மாதம்தான் சிந்தெற்றிக் ஊற்றினேன் என்று கவலைப்பட்டுக்கொண்டு இருக்காமல் வடித்துவிட வேண்டியதுதான். மூச்சுக்குழாய் மூடியைக் கழுவி, ஒரு ரப்பர் குழாய் பூட்டிச் சட்டத்துக்கு மேலே ஏற்றி விடுங்கள், சின்னச் செலவு.

பழைய என்ஜினில் சிந்தெற்றிக் சீலைத் தின்னும் என்கிற கதை பாதி உண்மை. ஆரம்பகால ஒயில்கள் சீலைச் சுருக்கியது மெய், இப்போது அதற்கு மருந்து கலந்துதான் வருகிறது. ஆனால் வருடக்கணக்காகச் சேறு அடைத்திருந்த சீலில் அந்தச் சேறு கரைந்தால் ஒழுகத்தான் செய்யும். ஒயில் ஓட்டை போடவில்லை, இருந்த ஓட்டையைக் காட்டிக் கொடுத்தது.

வெறும் கான்களை ஆணியால் குத்தி ஓட்டை போட்ட பிறகுதான் நான் பழைய சாமான் எடுக்கிறவருக்குக் கொடுப்பேன். முழுக் கானாகப் போனால் அது வேறு எதையோ நிரப்பிக்கொண்டு திரும்பிக் கடைக்கு வரலாம். கழிவு ஒயிலை வளவுக்குள் ஊற்றாதீர்கள். எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே இருக்கிற தண்ணீர்தான் எல்லாம், சுன்னாகப் பக்கக் கிணறுகளில் ஒயில் மிதந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். கறையானுக்கு மரத்தில் பூசுவதென்றாலும் கிணற்றுக்குத் தள்ளி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பெடியன் போன் எடுத்தான். யோசித்துப் பார்த்துப் பின்னுக்கே ஊற்ற முடிவெடுத்தானாம், நாலரை லீற்றர் வாங்கி, கீழ் மூடியைக் கழற்றிப் பழையதை வடித்தும் விட்டானாம். “அண்ணை, இப்ப மேல் மூடி அசையுதில்லை. தலை வழுக்கிப்போச்சு. விடியக் காலமை லோட்.”

முதலில் புது ஒயில் ஊற்றுகிற மேல் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கீழ் மூடியில் கைவைக்க வேண்டும் என்பதை நான் இவ்வளவு எழுதியும் எழுதவில்லை. நீளக் குழாயும் உளியும் எடுத்துக்கொண்டு இப்போது கோண்டாவிலுக்குப் போகிறேன்.