வடிதண்ணீருக்கு ஒரு சம்புக் குட்டை

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடைக்காரன். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் எங்கள் மதகுக்குத் தண்ணீர் கடைசியில்தான் வரும். அப்படிப்பட்ட ஊரில், உரம் கரைந்த வடிதண்ணீர் பாசி பிடித்து வீணாக ஓடுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

வயலின் தாழ்ந்த மூலையில் எட்டு சென்ட் ஒதுக்கி, முழங்கால் ஆழத்துக்கு வெட்டி, வடிகாலில் கிடந்த சம்பையும் (சேற்றில் நாணல் மாதிரி உயரமாக வளரும் செடி) கோரையையும் நட்டேன். தண்ணீர் நேராக ஓடிவிடாமல் குறுக்கே வரப்பு போட்டேன். தண்ணீர் தங்கினால்தான் அதைச் சுத்தமாக்கும் வேலை நடக்கும். வண்டல் படியும், பாஸ்பரஸ் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், காற்றுப் புகாத சேற்றில் பாக்டீரியா நைட்ரேட்டை வாயுவாக்கிவிடும்.

போன வாரம் ஒரு சம்பைப் பிடுங்கிப் பார்த்தேன். சேறு கன்னங்கரேல், வேரைச் சுற்றி மட்டும் துருச் சிவப்பு. வேர் வழியாக ஆக்ஸிஜன் இறங்கிய தடம் அது. ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

உப்பை மட்டும் இந்தக் குட்டை எடுக்காது. வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறத்தான் செய்யும். அதனால் உப்பு மீட்டரில் பார்த்த பிறகே நாற்றங்காலுக்குப் பாய்ச்சுகிறேன். அப்புறம், சம்பு அழுகினால் எடுத்த சத்து திரும்பத் தண்ணீரிலேயே இறங்கிவிடும். தை அறுவடையோடு அதையும் அறுத்து எருக்குழியில் போட வேண்டும்.