ஒரே செல்வி, ஆறு தெரபி: கவுன்சலிங் தாளை நான் படித்த விதம்

எம்.எஸ்சி கவுன்சலிங் சைக்காலஜி சேர்ந்தவர்கள் பொதுவாகப் புள்ளியியலுக்குத்தான் பயப்படுவார்கள். எனக்குத் தெரபி தாள்தான் பயம். முதல் வருடம் நோட்டில் கட்டம் போட்டு, தெரபியின் பெயர், ஆரம்பித்தவர், வருடம், உத்திகள் என்று எழுதி அப்படியே மனப்பாடம் செய்தேன். எழுத்துத் தேர்வில் மார்க் வந்தது. ஆனால் ரோல் ப்ளேயில் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்ததும், அந்தக் கட்டத்திலிருந்து ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

வகுப்புத் தோழிதான் அன்று க்ளையன்ட். குரூப் 2 தேர்வை இரண்டு முறை எழுதித் தோற்ற 25 வயதுப் பெண்ணாக நடித்தாள். சொந்தக்காரர் கேள்விக்குப் பயந்து கல்யாண வீடுகளுக்குக்கூடப் போவதில்லை. "நான் எதுக்கும் லாயக்கில்லக்கா" என்றாள். நான் கொஞ்சமும் யோசிக்காமல் "அப்படியெல்லாம் சொல்லாதம்மா, அடுத்த தடவை கண்டிப்பா பாஸ் ஆயிடுவ" என்றேன். சூப்பர்வைசர் மேடம் கையைக் காட்டி நிறுத்தி, அவளிடம் "இப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "இதுக்கு மேல பேசாதன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு மேடம்" என்றாள்.

அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. நம் வீடுகளில் ஆறுதல் என்றால் இதுதான், அதனால் அது தானாக வந்துவிடுகிறது. அந்தக் கற்பனைப் பெண்ணுக்குச் செல்வி என்று பெயர் வைத்து, ஒவ்வொரு தெரபி படிக்கும்போதும் அதை ஆரம்பித்தவர் இவளிடம் முதலில் என்ன கேட்பார், எதைக் கேட்கவே மாட்டார் என்று எழுத ஆரம்பித்தேன். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதைத்தான்: கேஸை மாற்றாதீர்கள், தெரபியை மட்டும் மாற்றுங்கள். 1965-ல் வந்த ஒரு பயிற்சிப் படத்தில், வெவ்வேறு தெரபிகளை உருவாக்கிய கார்ல் ரோஜர்ஸ், ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ் மூவரும் குளோரியா என்ற ஒரே பெண்ணிடம் தனித்தனியாகப் பேசுவார்கள். அதைப் பார்த்துவிட்டுப் படித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ரோஜர்ஸை எளிது என்று நினைத்து எல்லோரும் சீக்கிரம் தாண்டிப் போகிறார்கள், அதுதான் தவறு. ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, போலியில்லாமல் இருப்பது என்று மூன்றையும் எழுதிவிட்டால் போதாது, செல்வியிடம் அது எப்படி இருக்கும் என்று ஒரு வரி காட்ட வேண்டும். "ஐயோ பாவம்" என்பது இரக்கம். "ரெண்டு தடவை தோத்ததுல, உங்க மேலேயே உங்களுக்கு இருந்த மதிப்பு போயிட்ட மாதிரி இருக்கு" என்பது ஒத்துணர்வு. இதில் அறிவுரை இல்லை, கேள்விகூட இல்லை. அவள் "ஆமாக்கா" என்று சொல்லி மேலே பேசினால் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், "இல்லக்கா, அதுகூட இல்ல..." என்று திருத்தினாலும் நல்லதுதான், அவள் இன்னும் உள்ளே போகிறாள். 1957 கட்டுரையில் ரோஜர்ஸ் ஆறு நிபந்தனைகளைச் சொல்கிறார், அவற்றில் மூன்றைத்தான் நாம் அடிப்படை நிபந்தனைகள் என்று படிக்கிறோம். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இதைக் கேட்பார்கள், என்னிடம் கேட்டார்கள்.

அடுத்தது, எல்லோரும் சறுக்கும் இடம், எல்லிஸும் ஆரன் பெக்கும். இரண்டுமே எண்ணத்தை மாற்றுவதுதானே என்று ஒரே பதிலை இரண்டுக்கும் எழுதிவிடுவோம். இருவரும் ஃபிராய்டின் மனப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்று அதைவிட்டு வெளியே வந்தவர்கள். ஆனால் செல்வி "மூணாவது தடவையும் தோத்துடுவேன்" என்றால், பெக்கின் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் தெரபி) வழியில் போகிறவர் அதை ஒரு ஊகமாக எடுத்துக்கொள்வார். அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம், போன முறை முதல்நிலைத் தேர்வில் தேறினாயே அதை எங்கே வைப்பது என்று அவளோடு சேர்ந்து சோதித்துப் பார்ப்பார். எல்லிஸோ, "சரி, தோத்தே போறன்னு வச்சுக்குவோம், அப்புறம்? கஷ்டம்தான், ஆனா தாங்கவே முடியாததா?" என்று நேராக நம்பிக்கையின் அடியில் கை வைப்பார். "நான் பாஸ் ஆகியே ஆகணும்" என்பதில் இருக்கும் அந்த 'ஆகியே ஆகணும்'தான் அவருக்கு இலக்கு. எல்லிஸின் ஏ-பி-சி மாதிரியில், ஏ என்ற சம்பவம் தேர்வு முடிவு, சி என்ற விளைவு கல்யாண வீட்டுக்குப் போகாமல் ஒடுங்கிக் கிடப்பது, நடுவில் இருக்கும் பி-தான் அந்த நம்பிக்கை. பெக்கின் முக்கோணத்தைக் கேட்டால், தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி வரும் எதிர்மறை எண்ணங்கள் என்று மூன்றுக்கும் செல்வியின் வாயிலிருந்தே வரி எடுத்து எழுதுங்கள், தனியாக மனப்பாடம் தேவைப்படாது.

ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் மில்வாக்கியில் உருவாக்கிய தீர்வு நோக்கிய தெரபி நம் ஊர்ப் பேச்சுக்கு நன்றாகப் பொருந்துகிறது என்பது என் அபிப்பிராயம். "இப்ப உங்க நிலைமைக்குப் பத்துக்கு எத்தனை போடுவீங்க?" என்று கேட்டேன், செல்வியாக இருந்த தோழி "மூணு" என்றாள். நான் ஏன் பத்து இல்லை என்று கேட்கப் போனேன், நல்லவேளை நிறுத்திக்கொண்டு "ஏன் மூணு, ஏன் பூஜ்யம் இல்ல?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தினமும் லைப்ரரிக்குப் போறத மட்டும் இன்னும் விடலக்கா" என்றாள். அந்த மூன்றுக்குள் இருப்பதைத்தான் இந்த முறை தேடுகிறது.

மனப்பகுப்பாய்வில் அப்பாவின் எதிர்பார்ப்பும், அதே பயத்தோடு அவள் கவுன்சலரைப் பார்ப்பதும் வரும், உணர்வு மாற்றீடு என்ற சொல்லுக்கு அந்த உதாரணம் போதும். பெர்ல்ஸின் கெஸ்டால்ட் தெரபிக்குக் காலி நாற்காலி, அதில் அந்த அப்பாவையே உட்கார வைத்துப் பேசச் சொல்லலாம்.

யுஜிசி நெட் (கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு) எழுதுகிறவர்களுக்கு ஒன்று. சைக்காலஜியில் இவை ஒன்பதாவது அலகில் வருகின்றன, பொருத்துக வகையில் பெயரும் சொல்லும் கலந்து கேட்பார்கள், அதற்கு என் பழைய கட்டம் உதவத்தான் செய்தது. இரண்டு தாளும் சேர்த்து 150 கேள்வி, 3 மணி நேரம், தவறான விடைக்கு மார்க் குறையாது, அதனால் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கடைசியாக, வைவாவில் எனக்கு வந்த கேள்வி. "உங்க செல்வி, இருந்து என்ன பண்ணப் போறேன்னு சொன்னா எந்த தெரபி எடுப்பீங்க?" நான் சிபிடி என்று ஆரம்பித்தேன், கேள்வி கேட்டவர் இல்லை என்று தலையை ஆட்டினார். முதலில் தெரபியே இல்லை. சாகணும்னு தோணுதா, எப்படி என்று யோசிச்சிருக்கியா, கூட யார் இருக்காங்க என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயந்து சுற்றி வளைக்கக் கூடாது. அவளைத் தனியாக விடாமல், சூப்பர்வைசரிடம் சொல்லி, மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அதை இப்போது என் நோட்டின் முதல் பக்கத்தில், செல்வியின் பெயருக்கு மேலே எழுதி வைத்திருக்கிறேன்.