62.3 சதவீதம்

ஐப்பசித் திருக்கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். நெல்லை எக்ஸ்பிரஸில் பிடித்த கழுத்துவலி இறங்குவதற்குள் டவுனிலிருந்து மாமா போன்.

"ஏல மருமவனே, வந்துட்டியாமே. இங்க பிரவுசர் ஓடிருதுல."

"எங்க மாமா ஓடிருது?"

"எனக்கென்ன தெரியும்? தொறந்தா மூஞ்சியக் காட்டுது, அடுத்த நிமிசம் ஆளக் காணோம். கடன் குடுத்தவனப் பாத்த மாதிரி ஓடுது."

நான் படித்தது பி.காம். சென்னையில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் பல வருடத்துக்கு முன்னால் மாமாவின் பிரிண்டரில் சிக்கிய ஒரு தாளைக் கிழியாமல் உருவி எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் நான்தான் கம்ப்யூட்டர் டாக்டர். மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. சொன்னால் அடுத்த கல்யாண வீட்டில், "அவன் இப்ப பெரிய ஆளாயிட்டான்லா" என்று பந்தியிலேயே பரிமாறிவிடுவார்கள்.

மாமா வீடு கீழ ரத வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு முடுக்கில். கூட்டுறவு வங்கியில் பேரேடு எழுதி ரிட்டயர் ஆனவர். இப்போது முழுநேர வேலை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகங்களைப் புரட்டுவது. அதிலும் கல்வெட்டுத் தொகுதி கிடைத்துவிட்டால் சாப்பாடு வேண்டாம். பிடித்த பக்கம் ஒவ்வொன்றையும் ஒரு டேபில் திறந்து வைப்பார். மூடவே மாட்டார். "மூடிட்டா திரும்ப எங்கன போய்த் தேட?"

பிரவுசரைத் திறந்தேன். ஓடிப்போவதற்கு முன் அது நின்ற நாலு நொடியில் மேல் வரிசையைப் பார்த்தேன். டேப்கள் நசுங்கி நசுங்கி, சீப்புப் பல் மாதிரி நின்றன. ஒவ்வொரு டேபுக்கும் பின்னால் அநேகமாகத் தனி ப்ராசஸ் ஓடி நினைவகத்தைத் தின்னும். மாமாவின் பெட்டியில் இருப்பதோ 4 ஜிபி ரேம். சரி, ஆளைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. டேப் ஒன்றுமில்லாமல் திறந்தாலும் ஓடியது.

அடுத்த சந்தேகம் பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் குட்டிப் புரோகிராம்களான எக்ஸ்டென்ஷன்கள் மேல். கூப்பன் தேடுவது ஒன்று, அகராதி ஒன்று, மழை சொல்வது இரண்டு.

"எதுக்கு மாமா மழைக்கு ரெண்டு?"

"ஒண்ணு வரும்ங்கும், ஒண்ணு வராதுங்கும். எப்படியும் ஒண்ணு பலிச்சிரும்லா."

எக்ஸ்டென்ஷன்கள் சாதாரணமாக எட்டிப்பார்க்காத இன்காக்னிட்டோவில் திறந்தேன். ஓடியது. ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்தேன், புது ப்ரொஃபைல் போட்டேன், கடைசியில் பிரவுசரையே எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். ஓடியது. வேறு கம்பெனி பிரவுசரைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் மூஞ்சியைக் காட்டிவிட்டு ஓடியது. இரண்டு பேருக்கும் ஒரே வியாதி என்றால் குடிக்கிற தண்ணீரில் கோளாறு. கால்குலேட்டரைத் தட்டினேன், அதுவும் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. பிரவுசர் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. கெட்டுக் கிடந்தது அடியில் இருக்கும் விண்டோஸ்.

கட்டளை தட்டுகிற கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, விண்டோஸ் தன் கோப்புகளைத் தானே சோதிக்கிற எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையைக் கொடுத்தேன். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்ததும் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கல்வெட்டு மாதிரியே இருந்ததோ என்னவோ. நூறு சதவீதம் முடித்துவிட்டு, கெட்டுப்போன கோப்புகள் இருக்கின்றன, சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியது.

"கண்டுபிடிக்கத் தெரிஞ்சவனுக்குச் சரி பண்ணத் தெரியாதால?"

விளக்கினேன். விண்டோஸ் தன் முக்கியக் கோப்புகளுக்கு நல்ல நகலை வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரில் வைத்திருக்கும். எஸ்எஃப்சி அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, கெட்டதை எடுத்துவிட்டு நல்லதை வைக்கும்.

மாமாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "நகலே செல்லரிச்சுப் போச்சுன்னா?"

முப்பது வருடம் பேரேடு எழுதினவரிடம் இதற்கு மேல் என்ன சொல்ல. அதற்குத்தான் டிஸம் என்று இன்னொரு கட்டளை. ரெஸ்டோர்ஹெல்த் என்று சேர்த்துக் கொடுத்தால் நெட் வழியாக மைக்ரோசாஃப்டிலிருந்து நல்ல நகலை இறக்கி அந்தக் கிட்டங்கியைச் சரிசெய்யும். அது முடிந்த பிறகு மறுபடி எஸ்எஃப்சி ஓட்ட வேண்டும். "ஹெட் ஆபீஸ்ல நகல் கேக்கான்" என்று மாமா தலையாட்டினார்.

டிஸம் விறுவிறுவென்று போய் 62.3 சதவீதத்தில் நின்றது. இந்த 62.3 கம்ப்யூட்டர் நோண்டுகிறவர்கள் பலருக்குப் பழகின எண்தான். ஆடாது, அசையாது. உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும், எண் மட்டும் நகராது. பயந்துபோய் மூடினால்தான் வம்பு.

"வாகையடி முக்குல தேர் நின்ன மாதிரில்லா நிக்கி. பின்னால தடி போட முடியாதா?"

"தடியும் வேண்டாம், கட்டையும் வேண்டாம். தொடாம இருந்தாப் போதும் மாமா."

அத்தை சாப்பிடக் கூப்பிட்டாள். சொதியும் இஞ்சிப் பச்சடியும். சொதியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு வேறு பக்கம் போய்விடும். மூன்றாவது முறை சோறு வாங்கினேன் என்பதோடு விடுகிறேன். கை கழுவிவிட்டு வாசலில் உட்கார்ந்து நானும் மாமாவும் வெற்றிலை போட்டோம்.

உள்ளே ஒன்பது மணிக்கு சீரியல் முடிகிற பாட்டு கேட்டது. அப்புறம் டப். கொஞ்சம் தள்ளி இன்னொரு டப். அடுக்களைப் பக்கம் ஒரு டப். கடைசியாகப் பட்டாசலில், கொஞ்சம் கனமாக, ஒரு டப்.

எனக்கு வயிற்றில் சொதி புரண்டது. ஓடினேன். அத்தை கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே குனிந்திருந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். திரை, கல்வெட்டுக்கு முந்தைய பாறையாகக் கருத்துக் கிடந்தது.

"அத்தை, என்ன பண்ணுனிய?"

"பிளக்கெல்லாம் அமத்துதேன்யா. தெனமும் அமத்துததுதான."

"தெனமுமா?"

"உங்க மாமா அத அப்படியே போட்டுட்டுல்லா படுத்திருதாவ. ராத்திரி பூரா கரண்டு வீணாப் போவணுமாக்கும்."

மாமாவைப் பார்த்தேன். மாமா வெற்றிலை மென்றார். டேபையே மூடாத மனிதர் ஷட்டவுன் மட்டும் கொடுப்பாரா? இரண்டு பேரும் சேர்ந்து வருடக்கணக்காக அந்தப் பெட்டியை இரவு ஒன்பது மணிக்குத் தலையில் அடித்துத் தூங்கவைத்திருக்கிறார்கள். ஆள் இல்லாத அந்த நேரம் பார்த்துத்தான் விண்டோஸ் அப்டேட்டையும் போட்டுக்கொண்டிருக்கும்.

"யூபிஎஸ் என்னாச்சு?" என்று கேட்டேன். மேஜைக்கு அடியில் இருந்தது. அதன் மேல் முறுக்கு டின். பேட்டரி செத்து ரொம்ப நாளாம். "அது ஸ்டூலுல்லா?" என்றாள் அத்தை.

புரியவைக்க முயற்சி செய்தேன். எழுத வேண்டியதில் கொஞ்சத்தை நினைவகத்தில் வைத்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் எழுதும், நடுவில் கரண்டைப் பிடுங்கினால் கோப்பு பாதியில் நின்றுவிடும் என்றேன். அத்தை முகத்தில் ஒன்றும் இல்லை.

"அத்தை, மாவு ஆட்டும்போது கரண்டு போனா என்ன செய்விய?"

"வந்ததும் மிச்சத்த ஆட்டுவேன்."

உவமை அங்கேயே படுத்துவிட்டது.

"மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் எல்லாம் இப்படித்தான் அமத்துதேன். ஒண்ணாவது கெட்டுச்சா? இது ஒண்ணுதான் சீக்காளி."

அதற்குப் பிறகு விண்டோஸ் எழுந்திருக்கவே இல்லை. தானாகப் பழுது பார்க்கிறேன் என்று சொல்லும், முடியவில்லை என்று சொல்லும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். மாமாவின் 8 ஜிபி பென்டிரைவில் இருந்த தேவாரப் பாட்டுகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, என் லேப்டாப்பில் அதை விண்டோஸ் நிறுவுகிற டிரைவாக்கினேன். மறுநாள் எல்லோரும் திருக்கல்யாணத்துக்குக் கோயிலுக்குப் போக, அதற்கென்றே லீவு போட்டு வந்த நான் கருப்புத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். பென்டிரைவிலிருந்து கிளப்பி முதலில் டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க், பிறகு வெளியிலிருந்தே எஸ்எஃப்சி. இதில் ஒரு குசும்பு உண்டு: அந்த ரெக்கவரி திரையில் நம் சி டிரைவ் சில சமயம் டி என்று வேஷம் போட்டு நிற்கும். அது தெரியாமல் அரை மணி நேரம் இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

பெட்டி எழுந்தது. விட்டேனா, அந்த விண்டோஸுக்கு உள்ளிருந்தே பென்டிரைவில் இருந்த செட்டப்பை ஓட்டி, கோப்புகளையும் புரோகிராம்களையும் வைத்துக்கொள்ளச் சொல்லி மேலேயே மறுபடி நிறுவினேன். மத்தியானம் பிரவுசரைத் திறந்தேன். நின்றது. கோயிலிலிருந்து வந்த மாமா விபூதி வாடையோடு எட்டிப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று.

"டேபெல்லாம் இருக்கால?"

43 இருந்தன. எண்ணிக் காட்டினேன்.

சாயங்காலம் வண்ணார்பேட்டை போய் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி ஒன்று வாங்கிவந்து யூபிஎஸ்ஸுக்கு உயிர் கொடுத்தேன். முறுக்கு டின் மேஜைக்கு மேலே ஏறியது. மாமாவிடம் ஷட்டவுன் பட்டனைக் காட்டினேன். அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை, உவமை கைவசம் இல்லை.

ஒன்பது மணி. டப், டப், டப். கடைசி டப்புக்கு யூபிஎஸ் கீக் என்று கத்த, அத்தை துள்ளிப் பின்வாங்கினாள். "ஏங்க, அமத்தியும் எரியுதே!" மாமா பதறவில்லை. "எவ்வளவு நேரம் தாங்கும்ல?" என்று கேட்டார். பத்து நிமிடம் தாங்கும் மாமா, அதற்குள் ஷட்டவுன் கொடுத்துவிட வேண்டும் என்றேன்.

"அப்ப ஒம்பது நிமிசம் படிக்கலாம்லா" என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு 44-வது டேபைத் திறந்தார்.