ரத்தம் போகும்போது ரத்தம் உறையாமலிருக்க ஊசி

பெருங்குடல் அழற்சி (கொலைட்டிஸ்) முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் நாள் மாலை, தொப்புளுக்குப் பக்கத்தில் போட ஒரு சிறிய ஊசியோடு சிஸ்டர் வந்தார். எனாக்ஸாபரின், ரத்தம் உறையாமல் இருக்க. அன்று காலையிலிருந்து ஒன்பது முறை ரத்தமும் சளியுமாகப் போயிருந்தது. "எனக்கு ரத்தம் நிற்கவில்லையே சிஸ்டர், இதைப் போட்டால் என்ன ஆவது?" என்று கையைத் தடுத்துவிட்டேன்.

டாக்டர் வந்து கட்டிலருகே நின்று விளக்கினார். குடல் இப்படிப் புண்ணாகிக் கிடக்கும்போது உடம்பு முழுவதும் ரத்தம் எளிதில் உறையும் நிலைக்கு வந்துவிடும். காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இந்த நோய் உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாம். "உங்களுக்குப் போகிற ரத்தத்தைவிட அதற்குத்தான் நான் பயப்படுகிறேன் அம்மா" என்றார். போட்டுக்கொண்டேன். வீடு திரும்பும்போது வயிறெங்கும் காசளவு நீலத் திட்டுகள்.

இந்த நோய் எனக்கு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. மலம், உணவு, மாத்திரை என்று எத்தனையோ பேசியிருக்கிறோம். இதயத்தைப் பற்றி யாரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. குடலில் கனலும் அழற்சி ரத்தத்தின் வழியே தமனிச் சுவர்களையும் தொடும், மாரடைப்பு, பக்கவாதம் இரண்டுக்கும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டும் என்பதை 52 வயதில்தான் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு 54 வயதில் மாரடைப்பு வந்தது. அதையாவது நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

வார்டில் எடுத்த பரிசோதனையில் கெட்ட கொழுப்பு 78 என்று வந்ததும் மகிழ்ந்துபோனேன். அதை நம்ப வேண்டாம் என்றார் டாக்டர். அழற்சி உச்சத்தில் இருக்கும்போது கொலஸ்ட்ரால் இறங்கிவிடுமாம். ஆபத்து மட்டும் இறங்காதாம். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை 40 மி.கி.யில் தொடங்கி வாரத்துக்கு 5 மி.கி.யாகக் குறைத்து, நிறுத்தி, குடல் அடங்கி ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்தோம். 141. அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இதய டாக்டர். அங்கே கொடுத்த படிவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, குடலுக்கு இல்லை. அடியில் இருந்த வெற்றிடத்தில் பேனாவால் எழுதினேன்: கொலைட்டிஸ் 11 ஆண்டுகள், நான்கு முறை ஸ்டீராய்டு, அப்பாவின் மாரடைப்பு. இசிஜி, எக்கோ இரண்டும் நன்றாக இருந்தன. ஆனால் அந்த மூன்று வரியைப் படித்த பிறகுதான் டாக்டர் கேள்வி கேட்கவே தொடங்கினார். கொழுப்பைக் குறைக்கும் அட்டார்வாஸ்டாட்டின் எழுதிக் கொடுத்தார்.

குடலுக்கு அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் அந்த வரிகள் உதவின. டோஃபாசிட்டினிப் வெறும் மாத்திரைதான், எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் முடக்குவாத நோயாளிகளில் 50 வயதைத் தாண்டி, இதய ஆபத்துக் காரணியும் உள்ளவர்களிடம் செய்த ஆய்வில், அதை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு முதலானவை கூடுதலாகத் தெரிந்தன. 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கையும் விட்டது. என் வயதையும் அப்பாவின் கதையையும் வைத்துப் பார்த்து, வேலை பெரும்பாலும் குடலோடு நின்றுவிடும் வெடோலிசுமாப் என்ற மருந்தே போதும் என்று முடிவு செய்தோம். தொடக்க டோஸ்கள் முடிந்துவிட்டன. இனி எட்டு வாரத்துக்கு ஒரு முறை, கையில் ஊசி ஏற்றி அரை மணி நேரம் உட்கார வேண்டும்.

அடுத்த புதன்கிழமை அந்த நாள். குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் பரிசோதனைக்கு மலமும் கொலஸ்ட்ராலுக்கு ரத்தமும் அன்றே கொடுத்துவிடுகிறேன், இரண்டு முடிவுகளையும் இரண்டு டாக்டர்களுக்கும் அனுப்புங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.