‘எ’வா, ‘எர்’ஆ

ஜனவரி 15
பொங்கல் அன்றும் அதே பெரிய அந்தமானிய மொழி ஒலிப்பதிவு. வினையின் முன்னால் ஒட்டியிருப்பது ‘எ’வா, ‘எர்’ஆ? அம்மாவுக்கு நாளை மறுநாள் ஸ்கேன்.

ஜனவரி 17
பெரிய அந்தமானிய மொழியில் ‘கை’ என்று மொட்டையாகச் சொல்ல முடியாது. யாருடைய கை, உடம்பில் அது எந்த வகை என்று இரண்டும் சொல்லுக்கு முன்னாலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். வாய் சார்ந்ததற்கு ‘அ’, விரல் மாதிரி நுனிகளுக்கு ‘ஓங்’, தலை போல வெளியே தெரிவதற்கு ‘எர்’, உள்ளுறுப்புக்கு ‘எ’. இப்படி ஏழு வகை. வினைக்கும் பெயரடைக்கும்கூட இதே ஒட்டுகள்தான். 1898-ல் ஆங்கிலேய அதிகாரி போர்ட்மன் எழுதியதையும் மொழியியலாளர் அன்விதா அப்பியின் இலக்கணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். என் ஒலிப்பதிவில் இருக்கும் வாக்கியம் இரண்டிலும் இல்லை. உள்ளே நடந்ததா, வெளியே நடந்ததா? அந்த ஒரு ‘ர்’ தெரியாமல் பொருள் எழுத மாட்டேன்.

ஜனவரி 18
ரிசல்ட் வரவில்லை.

ஜனவரி 21
போர்ட் பிளேருக்குப் போன் போட்டேன். ரிங் போகிறது, ஜேரு பேசும் பெரியம்மா எடுக்கவில்லை. பெரிய அந்தமானியத்தின் கிளைகளில், 2010-ல் கடைசியாகப் பேசிய போவா இறந்ததோடு ‘போ’ மொழி போயிற்று. 2020 ஏப்ரலில் லிச்சோவோடு சாரே. மிச்சமிருக்கும் ஜேரு தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரியம்மா, போனை எடுங்க.

ஜனவரி 23
ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். ‘ர்’ சொல்ல நாக்கு அண்ணத்தைத் தட்டியிருந்தால், ஒலியைக் கருப்பு வெள்ளையில் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தில் மெல்லிய வெள்ளைக் கீறல் விழும். சரியாக அந்த இடத்தில் கடற்காற்று மைக்கில் அடித்திருக்கிறது. முழுக்கக் கருப்பு.

“எத்தன வாட்டிடா அதையே கேப்ப? குடு இங்க.” ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டு பொம்பளைங்கடா. பின்னாடி ஒருத்தி அதையே திருப்பிச் சொல்றா பாரு.”

ஆமாம், இருக்கிறாள்! தூரத்தில், காற்று ஓய்ந்த பிறகு.

ஜனவரி 24
இரண்டாவது குரலைத் தனியாக வெட்டி எடுத்தேன். கீறல் மாதிரி ஒன்று தெரிகிறது. இதை வைத்து ‘எர்’ என்று அடித்துச் சொல்ல மனம் வரவில்லை. பெரியம்மா ஒரு தடவை சொல்லிக் காட்டினால் போதும்.

அம்மா ராத்திரி சாப்பிடவில்லை. சைதாப்பேட்டை வரைக்கும் போய் இளநீர் வாங்கி வந்தேன். அதுவும் வேண்டாமாம்.

ஜனவரி 26
போவா போன தேதி. பெரியம்மாவின் பேத்தி எடுத்தாள். சாயங்காலம் பாட்டியிடம் போனைத் தருகிறாளாம். ரிசல்ட் வந்துவிட்டது, டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிடுகிறார்.