‘அகழி’யில் அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு இடம்?

கேம் செய்ய உதவும் ‘கோடோ’ மென்பொருளில் நான் செய்துகொண்டிருக்கும் ‘அகழி’ இப்போது முதல் அறையிலிருந்து கடைசியில் வரும் பெரிய எதிரியான பாஸ் வரை நிற்காமல் ஓடுகிறது. மேலிருந்து பார்த்துச் சுடும் கேம். வேலூர்க் கோட்டை மாதிரி ஒரு கோட்டை, சுற்றிலும் தண்ணீர், தண்ணீரில் முதலைகள் (நம்ம கோட்டை அகழியில் அந்தக் காலத்தில் முதலை விட்டிருந்தார்கள் என்று எல்லா வீட்டுத் தாத்தாவும் சொல்லுவார், அதுதான்). மொத்தம் 12 அறை. அறைகளின் வரிசை, எதிரிகள், பெட்டியில் கிடைப்பது எல்லாம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாறும். செத்தால் முதலிலிருந்து. 1980இல் வந்த ‘ரோக்’ கேம் போட்டுக்கொடுத்த வழி இது, அதனால்தான் இந்த வகைக்கு ‘ரோக்லைக்’ என்று பெயர். 2011இல் ‘பைண்டிங் ஆஃப் ஐசக்’ அதைச் சுடும் கேமுக்குக் கொண்டுவந்ததும் இந்த வகைக்குப் பெரிய கூட்டம் சேர்ந்தது.

படம், சத்தம் எல்லாம் அப்புறம். இந்தக் குறிப்பு பேலன்ஸ் பற்றி மட்டும். கஷ்டம் எந்த வேகத்தில் ஏறவேண்டும், அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு இடம் விடவேண்டும் என்ற இரண்டையும் தனித்தனி வேலையாக நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆடவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கின்றன.

முதலில் கடிகாரம். ‘ரிஸ்க் ஆஃப் ரெயின் 2’ ஆடியவர்களுக்குத் தெரியும்: திரையின் மூலையில் ஒரு பட்டை நகர்ந்துகொண்டே இருக்கும். சுலபம், நடுத்தரம், கடினம் என்று போய்க் கடைசியில் ‘ஹாஹாஹாஹா’ என்று சிரிக்கும். நீங்கள் சும்மா நின்றாலும் எதிரிகளின் லெவல் ஏறும். அதனால் இன்னொரு பெட்டியைத் தேடுவதா, கிளம்பிவிடுவதா என்ற இழுபறி எப்போதும் இருக்கும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அதே மாதிரி ‘அகழி’யிலும் நிமிடத்துக்கு 10 சதவீதம் எதிரிகளின் ஹெல்த் ஏறும்படி வைத்தேன். கூட்டிக் கூட்டிப் பெருகுவதால் 10ஆவது நிமிடத்தில் 2.6 மடங்கு, 20ஆவது நிமிடத்தில் 6.7 மடங்கு.

ஆடிப் பார்த்தவர்கள் எல்லாம் வீட்டு ஆட்கள்தான். காட்பாடியில் படிக்கும் சித்தி மகன் கை வேகமானவன். ராணிப்பேட்டையில் இருக்கும் அக்கா மகள் கணக்குப் பார்த்து ஆடுவாள். சத்துவாச்சாரி நண்பன் ஒருவன் எந்த கேமிலும் ஓட்டை தேடுவான். கடைசியாக எங்கள் மாமா. அவருக்கு எதிலும் அவசரமில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த ஊரில் கத்திரி வெயில் மதியத்தில் என் பழைய லேப்டாப் சூடேறி கேம் திக்கித் திக்கி ஓடும், குறி வைப்பதே பாடாகிவிடும். மதியம் ஆடியவர் சீக்கிரம் செத்தால் அது என் ஃபார்முலாவா, வெயிலா என்று பிரிக்க முடியாது. அதனால் சோதனை எல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான்.

முதல் இரண்டு மூன்று பெட்டியில் டேமேஜ் கூட்டும் ஐட்டம் வந்தவர் அறையைச் சட்டென்று முடிக்கிறார். கடிகாரம் குறைவாக ஓடியிருக்கும், அடுத்த அறை எதிரி இளப்பமாக வருவான், அதையும் சட்டென்று முடிக்கிறார். வராதவருக்கு முதல் அறையே இழுக்கிறது. இழுத்ததால் அடுத்த அறை கெட்டியாகிறது, அது இன்னும் இழுக்கிறது. மீட்டர் வட்டி மாதிரிதான்: முதல் தவணை தவறினால் அப்புறம் அசலைத் தொடவே முடியாது. பாதி வழிக்கு மேல் திறமை இருந்தும் பயனில்லை. சித்தி மகன் ஏழாவது அறையில் செத்துவிட்டு, “இன்னாண்ணா இது, மூணாவது ரூம்லயே முடிஞ்சி போச்சி. மீதி நாலு ரூமு சும்மா ஆடிகினு இருந்தேன்” என்றான். அவன் சொன்னது சரி.

அப்படியானால் ‘ரிஸ்க் ஆஃப் ரெயின் 2’ எப்படித் தாங்குகிறது? அதில் அதிர்ஷ்டத்தைத் திருத்தப் பல வழி உண்டு. கடைப்பெட்டியில் மூன்று ஐட்டம் இருக்கும், ஒன்றை எடுக்கலாம். பிரின்டர் இருக்கும்; கையில் இருப்பதில் அதே தர ஐட்டம் ஏதோ ஒன்றை அது எடுத்துக்கொள்ளும், ஆனால் என்ன வரும் என்று தெரிந்தே மாற்றிக்கொள்ளலாம். வேண்டாததை ஸ்கிராப்பரில் போட்டு உடைத்து வைத்துக்கொண்டால், பிரின்டர் அதைத்தான் முதலில் எடுக்கும். கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இவற்றை விட்டுவிட்டால் கழுத்தை நெரிக்கும்.

இதெல்லாம் என் ஊகமா, நிஜமா என்று பார்க்க, ரேண்டம் குலுக்கல் தொடங்கும் எண்ணான சீடு எண் உதவியது. ஒரே சீடு எண்ணைக் கொடுத்தால் ஒரே கோட்டை உருவாகும். இரண்டு பேருக்கு ஒரே சீடு கொடுத்தால் தெரியும் வித்தியாசம் திறமை. ஒரே ஆளுக்கு வேறு வேறு சீடு கொடுத்தால் தெரிவது அதிர்ஷ்டம். ஆனால் இதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கேம் முழுக்க ஒரே ரேண்டம் எண் வரிசையிலிருந்து எடுத்தால், ஒருவர் ஒரு தோட்டா அதிகமாகச் சுட்டாலே வரிசை ஒன்று தள்ளிப்போய், அடுத்த பெட்டியில் வேறு ஐட்டம் வந்துவிடும். சீடு ஒன்றுதான், ஆட்டம் வேறு. கோடோவில் ரேண்டம் நம்பர் ஜெனரேட்டர் என்று தனித்தனியாக எத்தனை வேண்டுமானாலும் உருவாக்கிக்கொள்ளலாம். வரைபடத்துக்கு ஒன்று, பெட்டிகளுக்கு ஒன்று, எதிரிகளுக்கு ஒன்று, தோட்டாச் சிதறலுக்கு ஒன்று என்று பிரித்தேன். அதற்குப் பிறகுதான் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அர்த்தமே வந்தது. ரோக்லைக் செய்ய நினைப்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள், பின்னால் பிரிப்பது பெரிய தலைவலி.

பிரித்துப் பார்த்ததில் சந்தேகம் உறுதியானது. கை வேகமான சித்தி மகனுக்கே, ஆரம்பப் பெட்டிகள் கைவிட்ட சீடுகளில் பாஸ் முகம் அபூர்வமாகத்தான் தெரிந்தது.

கடிகாரத்தை எடுத்துவிட்டு அறைக் கணக்காக மாற்றினேன்: அறைக்கு 12 சதவீதம், கடைசி அறையில் சுமார் மூன்றரை மடங்கு. எல்லோருக்கும் ஒரே ஏற்றம். ஆனால் சத்துவாச்சாரிக்காரன் உடனே ஓட்டையைக் கண்டுபிடித்தான். கதவோரம் நின்றுகொண்டு ஒவ்வொரு முதலையாக வரவழைத்துச் சுடுகிறான். பார்க்கவே கொட்டாவி வருகிறது. அவனுக்கும் போர் அடிக்கிறது, ஆனாலும் அதைத்தான் செய்கிறான். பாதுகாப்பான வழி என்று ஒன்று இருந்தால், ஆடுபவர் சந்தோஷத்தை விட்டுவிட்டு அந்த வழியில்தான் போவார்.

இப்போது இருப்பது கலவை. அடிப்படை ஏற்றம் அறைக் கணக்கில். ஒரு அறையில் 90 விநாடிக்கு மேல் தங்கினால் அகழியிலிருந்து கூடுதல் முதலைகள் ஏறி வரும். ஆனால் அந்தத் தண்டனை அந்த அறையோடு முடிந்துவிடும், அடுத்த அறைக்கு வராது. அவசரம் இருக்கிறது, வட்டி இல்லை. இதுவரை செய்த மாற்றங்களில் ஆட்டத்தை அதிகம் மாற்றியது இதுதான்.

அடுத்து பெட்டி. அரிய துப்பாக்கி 10 சதவீத வாய்ப்பில் வரும் என்று வைத்திருந்தேன். அக்கா மகள் பத்துப் பெட்டி திறந்துவிட்டு, “பத்துல ஒண்ணுன்னு சொன்னியே மாமா, எங்க?” என்று கேட்டாள். கணக்குப்படி பத்துப் பெட்டியிலும் ஒன்றுகூட வராமல் போக 35 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. மூன்று பேரில் ஒருவருக்கு அப்படித்தான் நடக்கும். விளக்கினேன். அவளுக்குப் புரிந்தது, கோபம் போகவில்லை.

பெரிய கேம்களும் உண்மையான ரேண்டத்தை அப்படியே விடுவதில்லை. ‘டோட்டா’ என்ற கேமில் ஒரு சிறப்பு அடிக்கு 25 சதவீத வாய்ப்பு என்றால் முதல் அடிக்குச் சுமார் 8.5 சதவீதம்தான், வராவிட்டால் அடுத்ததற்கு 17, அதற்கடுத்து 25.5 என்று ஏறும். சராசரி 25க்கே வரும், ஆனால் நீண்ட வறட்சியும் வராது, வரிசையாகக் கொட்டவும் செய்யாது. இன்றைய டெட்ரிஸில் ஏழு துண்டையும் ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கி, பை காலியான பிறகுதான் மறுபடி நிரப்புகிறார்கள். நான் பையைத்தான் எடுத்துக்கொண்டேன். எட்டு ஐட்டம் போட்டு ஆறைத்தான் எடுக்கிறேன், இரண்டு உள்ளேயே தங்கும். எட்டையும் எடுத்தால் அக்கா மகள் கடைசி இரண்டைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறாள்.

இதைவிட ஆச்சரியம் சூதாட்ட அறை. பாதி ஹெல்த்தைக் கொடுத்தால் ஏதோ ஒரு துப்பாக்கி வரும். எது என்று தெரியாது, பெரும்பாலும் குப்பைதான். மாமா அதைப் பார்த்துவிட்டால் விடமாட்டார். குப்பை வந்தால் சிரிக்கிறார். அதே மாமா, எதிரி ஒன்று திடீரென்று பக்கத்தில் முளைத்து அடித்தபோது சேரைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். இரண்டுமே ரேண்டம். ஒன்று அவர் தெரிந்து கைவைத்தது, இன்னொன்று அவர் செய்வதற்கு எதுவும் விடாதது. இதற்கப்புறம் குலுக்கலை எல்லாம் முடிவெடுக்கும் முன்பே நடத்தி முடிக்கப் பார்க்கிறேன். இரண்டு கதவுக்கும் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று படம் போட்டிருக்கும், எதில் போவது என்பது உங்கள் பாடு. எதிரி முளைக்கும் இடத்தில் ஒரு விநாடி முன்னதாகவே வட்டம் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் கூடுதல் டேமேஜோடு விழும் கிரிட்டிகல் அடியை மொத்தமாக எடுத்துவிட்டேன், சித்தி மகனுக்கு அதில் வருத்தம்தான்.

மறைமுகமாக உதவுவதையும் செய்து பார்த்தேன். 2005இல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில் 4’ நீங்கள் ஆடும் லட்சணத்தைப் பார்த்துக் கஷ்டத்தைச் சத்தமில்லாமல் ஏற்றி இறக்கும். அதே மாதிரி ஹெல்த் குறைந்தால் மருந்து அதிகம் விழும்படி வைத்தேன். கொஞ்ச நேரத்திலேயே சித்தி மகன், “அடி வாங்கினாதான் மருந்து வருது” என்று பிடித்துவிட்டான், வேண்டுமென்றே அரை உயிரில் ஆட ஆரம்பித்தான். ‘என்டர் த கஞ்சன்’ கேமில் நல்ல தர ஐட்டம் எடுத்த பிறகு அடுத்த நல்லது வரும் வாய்ப்பை ஒரு மறைவான கணக்கு குறைக்கும். அந்த கேம் எனக்கு உயிர், இருந்தாலும் அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. ‘ஹேடீஸ்’ செய்ததுதான் நாகரிகம்: காட் மோடு என்று வெளிப்படையாக ஒரு தேர்வு, முதலில் 20 சதவீதம் அடி குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவீதம், அதிகபட்சம் 80. நானும் அப்படி ஒரு பொத்தான் வைத்துவிட்டேன். மாமா போட்டுக்கொண்டார், அக்கா மகள் தொடவில்லை.

பாஸ் மட்டும் பாக்கி. மூன்றரை மடங்கு ஏற்றத்தில் அது தோட்டாவைத் தின்றுகொண்டு நிற்கிறது, பையில் டேமேஜ் ஐட்டம் இரண்டும் தங்கிவிட்டவருக்கு ரொம்ப இழுக்கிறது. ஹெல்த்தைக் குறைப்பதா, பாஸுக்கு முந்தைய அறையில் ஒரு பிரின்டர் வைப்பதா என்று இரண்டையும் ஒரே சீடில் ஆடவைத்துப் பார்க்கப் போகிறேன். என் மனசு பிரின்டர் பக்கம்.